நில ஆமைக்கான தொடக்கக் கிட்: பெட்டியை வாங்கலாம், விளக்கை மாற்றத்தான் வேண்டும்

நில ஆமை வளர்க்கத் தொடங்குபவர்களுக்கென்று ‘தேவையானவை அனைத்தும் அடங்கியது’ என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் தொடக்கக் கிட் ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. மரத்தாலான வளர்ப்புப் பெட்டி, புற ஊதா விளக்கு, வெப்ப பல்பு, ஒட்டவைக்கும் வெப்பமானி, ஈரப்பதமானி, அழுத்திச் செய்த தேங்காய் நார்க்கட்டி, ஒளிந்துகொள்வதற்கான பிளாஸ்டிக் பொந்து, தண்ணீர்த் தட்டு, செயற்கைச் செடி, சிறு பொட்டலம் தீவனம், கையேடு ஆகியவை இதில் வருகின்றன. ஏறக்குறைய இதே பொருள்களைச் சேர்த்துப் பல நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் விற்பதால், நான் பயன்படுத்துவது எந்த நிறுவனத்துடையது என்று குறிப்பிடப்போவதில்லை. இங்கே சொல்லப்படும் நிறைகுறைகளை வைத்துக்கொண்டு, வாங்க நினைப்பவர்கள் தங்கள் கண்ணில் படும் கிட்டைத் தாங்களே எடைபோட்டுப் பார்க்க முடியும். எங்கள் வீட்டில் இந்தப் பெட்டியில் வளர்வது இளம் ஹெர்மன் ஆமை ஒன்று. வளர்ப்பகத்தில் பிறந்தது, அதற்குரிய ஆவணங்களோடு வந்தது.

எந்த அளவுகோலை வைத்து இதை மதிப்பிடுகிறேன் என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. ஆமை தன் உடல் வெப்பத்தை உள்ளிருந்து நிலைப்படுத்திக்கொள்ள இயலாத பிராணி. காலையில் வெயிலுக்கு வந்து உடலைச் சூடேற்றிக்கொள்கிறது, சூடு போதும் என்றானதும் நிழலுக்கு நகர்கிறது, உலர்ந்தால் ஈர மண்ணைத் தேடிப் புதைகிறது. இந்த நகர்தல்தான் அதன் செரிமானம், நோய் எதிர்ப்பு, ஓட்டின் வளர்ச்சி எல்லாவற்றையும் நடத்துகிறது. ஆகவே வீட்டுக்குள் அமைக்கப்படும் கூடு, சூடான இடத்தையும் குளிர்ந்த இடத்தையும், ஈரத்தையும் உலர்வையும், வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே நேரத்தில் அதற்கு எட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். பெட்டி முழுவதும் ஒரே சீரான 30 டிகிரி என்பது நமக்கு அக்கறையாகத் தோன்றலாம்; தப்பிச் செல்லக் குளிர்ந்த மூலை இல்லாத ஆமைக்கு அது தண்டனை. கிட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் இந்த ஒரு கேள்வியை முன்வைத்தே பார்த்தேன்: இது ஆமைக்குத் தெரிவைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா?

பெட்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இந்தக் கிட்டின் சிறந்த பகுதி அதுதான். 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பிளைவுட் பெட்டி. சுவர்களின் உயரம் 30 சென்டிமீட்டர். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தடுப்புச் சுவரால் பிரிக்கப்பட்டு, மேலே மூடியும் நடுவே வளைவான வாசலும் வைத்து இருட்டறையாக அமைக்கப்பட்டிருக்கிறது. மீதிப் பகுதி மேலே திறந்திருக்கிறது. முழுவதும் கண்ணாடியாலான மீன் தொட்டியைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல். கண்ணாடி என்பது ஒரு தடை என்று ஆமைக்குப் புரிவதே இல்லை. அப்பால் தெரியும் இடத்துக்குப் போய்விடலாம் என்றெண்ணி நாள் முழுவதும் சுவரோரமாகவே உரசி உரசி நடக்கும். ஒளி புகாத மரச்சுவர் அந்த அலைச்சலைத் தவிர்க்கிறது. தடிமனான மரம் வெப்பத்தையும் ஓரளவு தக்கவைக்கிறது. பலகைகளின் விளிம்புகள் நன்றாகத் தேய்க்கப்பட்டிருக்கின்றன, துளைகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகின்றன, ஒருவரே இருந்து பூட்டிவிட முடிகிறது.

இவ்வளவு யோசித்தவர்கள், முன்பக்கச் சுவரின் நடுவே ஓர் அக்ரிலிக் சன்னலை ஏன் வைத்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. பார்ப்பவர்களின் வசதிக்காக வைத்திருக்கலாம். ஆனால் ஆமையை உள்ளே விட்ட அன்றே அது அந்தச் சன்னலைக் கண்டுபிடித்துவிட்டது. முன்னங்கால்களை அக்ரிலிக்கின்மீது ஊன்றி எழுந்து, நகங்கள் கீச்சிட வழுக்கி இறங்கி, பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து மீண்டும் ஊன்றி எழுந்தது. தட்டில் இலை இருந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. சன்னலின் கீழ்ப்பாதியில், ஆமையின் கண்மட்டத்துக்கு மேல் வரும்படி, வெளிப்பக்கமாகத் தடித்த பழுப்புத் தாளை ஒட்டியதும் இந்தப் பழக்கம் நின்றது. இதே கிட்டை வாங்குபவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிட வேண்டும்.

மரத்தைப் பற்றி இன்னும் இரண்டு விஷயங்கள். புதுப் பிளைவுட்டில் பசையின் நெடி இருக்கும். காற்றோட்டமான இடத்தில் திறந்து வைத்து, நெடி முற்றிலும் அடங்கிய பிறகே மண் நிரப்ப வேண்டும். அடுத்து, பெட்டியின் அடிப்பலகைக்குக் கொடுத்திருக்கும் பூச்சு ஈர மண்ணைத் தாங்காது. குளங்களுக்கு விரிக்கும் தடித்த ரப்பர் விரிப்பை அடியில் விரித்து, மண்ணின் உயரத்துக்கு மேல் வரும்படி சுவர்களிலும் ஏற்றிப் பொருத்திவிட்டால் பலகை பல ஆண்டுகள் உழைக்கும். கையேடு இதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. மண்ணை உலர்வாகவே வைத்திருங்கள் என்று அது அறிவுறுத்துவதற்கு, ஆமையின் நலத்தைவிடப் பலகையின் நலமே காரணமாக இருக்குமோ என்று எனக்கு ஐயமுண்டு. ஈரப்பதத்தைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்புகிறேன்.

விளக்குகள்தான் இந்தக் கிட்டின் பெருங்குறை. ஆமையின் தோலில் உள்ள ஒரு வேதிப்பொருள், புற ஊதா பி கதிர் பட்டதும் மாற்றமடைந்து, உடல் வெப்பத்தின் துணையோடு வைட்டமின் டி3 ஆகிறது. அந்த வைட்டமின் இல்லாவிட்டால் உணவில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் உடலில் சேராது. அப்படிச் சேராமல் போனால் ஓடு மிருதுவாகிறது, கால் எலும்புகள் வளைகின்றன, தாடை உருக்குலைகிறது. சன்னலோரத்தில் பெட்டியை வைத்துவிட்டால் போதுமே என்று நினைப்பவர்கள் உண்டு. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. எனவே வீட்டுக்குள் வளரும் ஆமைக்குப் புற ஊதா விளக்கு இன்றியமையாதது, அதன் தரத்தில் சமரசத்துக்கு இடமில்லை.

கிட்டில் தருவது திருகுச் சுருள் வடிவில் இருக்கும் 13 வாட் சிறு பல்பு. புற ஊதாக் குறியீட்டை, அதாவது கதிரின் வலிமையைக் காட்டும் எண்ணை, அளக்கும் கருவியை ஆமையின் ஓடு இருக்கும் உயரத்தில் வைத்துப் பார்த்தேன். பல்புக்கு நேர் கீழே, உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் ஓரளவு கதிர் விழுகிறது. அங்கிருந்து ஒரு சாண் தள்ளினால் அளவு பூஜ்யத்தை நெருங்கிவிடுகிறது. ஆமை நாள் முழுவதும் அந்த உள்ளங்கை அளவு இடத்தில் உட்கார்ந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த ஹெர்மன், கிரேக்க ஆமை போன்ற இனங்களுக்கு, குளிர்காயும் இடத்தில் குறியீடு 3 முதல் 5 வரை இருந்து, அங்கிருந்து படிப்படியாகக் குறைந்து, நிழலில் பூஜ்யமாக வேண்டும். புற ஊதாக் கதிர் தரும் டி5 என்ற மெல்லிய குழல் விளக்கைப் பிரதிபலிப்பானோடு பொருத்தினால் இதை எளிதில் அடையலாம். பெட்டியின் நீளத்தில் பாதியளவாவது குழல் இருந்தால், ஆமை உண்ணும்போதும் நடக்கும்போதும்கூட உடலில் கதிர் படும். விளக்கு எப்போதும் தலைக்கு மேலிருந்தே ஒளிர வேண்டும். பக்கவாட்டில் பொருத்தினால், புருவ மேடு தரும் இயற்கையான நிழல் இல்லாமல் கதிர் நேரே கண்ணில் பாயும். கம்பி வலையின் மேல் விளக்கை வைத்தால் கதிரில் கணிசமான பங்கை வலையே விழுங்கிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்த வகை விளக்குகளின் மற்றோர் இயல்பு பலருக்கும் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் சற்றும் குறையாமல் இருக்கும்போதே உள்ளிருந்து வரும் புற ஊதாக் கதிர் தேய்ந்துகொண்டே போகும். எரிகிறதே என்று விட்டுவிட்டால், வெறும் வெளிச்சத்தின் கீழ் ஆமையை வைத்திருக்கிறோம் என்பதே தெரியாமல் மாதங்கள் கழிந்துவிடும். டி5 குழலை ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுவது பரவலான நடைமுறை. அளவுக் கருவி கையில் இருந்தால் அளந்து பார்த்து முடிவு செய்யலாம். கிட்டின் கையேடு ‘பல்பு எரியாமல் போனால் மாற்றவும்’ என்று எழுதியிருக்கிறது. ஆமை வளர்ப்பவரிடம் சொல்லக் கூடாத வாசகம் இது. இதை அச்சிட்டவர்கள் உடனே திருத்த வேண்டும்.

வெப்ப பல்பு அவ்வளவு மோசமில்லை, ஆனால் அதைத் தாங்கும் அமைப்பு மோசம். விளக்கு மாட்டும் உலோகக் கை பெட்டியின் சுவரில் ஒரே உயரத்தில் திருகப்பட்டிருக்கிறது. ஏற்றவோ இறக்கவோ வழியில்லை. வெற்றுத் தரையிலிருந்து அளந்தால் பல்பின் முகம் 35 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, கையேட்டில் உள்ள படத்திலும் அப்படித்தான். ஆனால் வெற்றுத் தரையில் யாரும் ஆமை வளர்ப்பதில்லை. 12 சென்டிமீட்டருக்கு மண் நிரப்பி, அதன்மேல் ஆமையின் உயரத்தையும் கழித்தால், ஓட்டின் உச்சிக்கும் பல்புக்கும் இடையே ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியே மிஞ்சுகிறது. ஓட்டின் மேற்பகுதி வெந்து போகும் அளவுக்கு அங்கே சூடு ஏறுகிறது. நான் அந்தக் கையைக் கழற்றிவிட்டு, மேலே ஒரு குறுக்குச் சட்டம் பொருத்தி, சங்கிலியில் விளக்கைத் தொங்கவிட்டிருக்கிறேன். கண்ணிகளை மாற்றி மாட்டினால் உயரம் மாறும், கவ்வி நழுவி விளக்கு மண்ணில் விழுந்து தீப்பற்றும் அபாயமும் இல்லை. கவ்வியை மட்டும் நம்பி எந்த வெப்ப விளக்கையும் தொங்கவிடக் கூடாது.

குளிர்காயும் இடத்தின் வெப்பம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், எதிர்முனையில் 20 முதல் 24 டிகிரி என்பது ஹெர்மன் ஆமைக்கு ஏற்ற பகல்நேர அமைப்பு. அகன்ற ஒளிக்கற்றை தரும் சாதாரண ஹாலஜன் பல்பு இதற்குப் போதும். அதிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர், சூரியனுடையதைப் போலத் தோலுக்குள் சற்று ஆழமாக இறங்கிச் சூடேற்றுகிறது. பல்பின் அடியில் ஒரு தட்டைக் கல்லைப் பதித்து வைத்தால் அது சூட்டைத் தேக்கிக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் விளக்கு எரியத் தொடங்கிச் சிறிது நேரத்தில் எங்கள் ஆமை இருட்டறையிலிருந்து மெல்ல வெளியே வந்து அந்தக் கல்லில் ஏறிக்கொள்கிறது. கழுத்தை முழுவதும் நீட்டி, நான்கு கால்களையும் பரப்பி, பின்னங்கால் பாதங்களின் உட்புறம் மேலே தெரியும்படி கிடக்கிறது. சூடு ஏறியதும் உடலின் பாதி நிழலிலும் பாதி வெளிச்சத்திலும் இருக்குமாறு நகர்ந்துகொள்கிறது. அமைப்பு சரியாக இருக்கிறதா என்பதற்கு எந்தக் கருவியைக் காட்டிலும் இது நல்ல சான்று. நாள் முழுவதும் விளக்கடியிலேயே கிடந்தால் கூடு குளிர்ச்சி. விளக்கின் பக்கமே வராமல் மண்ணில் புதைந்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு அல்லது வறட்சி.

தெர்மோஸ்டாட் இந்தக் கிட்டில் இல்லை. வெப்பம் தரும் கருவியை விற்றுவிட்டு அதைக் கட்டுப்படுத்தும் கருவியைத் தராமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கோடையில் அறையின் வெப்பம் ஏறினால் பெட்டியின் வெப்பமும் கூடவே ஏறும். அந்த நேரத்தில் வீட்டில் ஆளில்லை என்றால் என்ன ஆகும்? ஹாலஜன் பல்புக்கு ஒளியைப் படிப்படியாகக் குறைத்துக் கூட்டும் வகைத் தெர்மோஸ்டாட்டும், நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் விளக்குகளை எரியவைக்கும் டைமரும் கட்டாயம் வாங்க வேண்டியவை. இரவில் எந்த விளக்கும் எரியக் கூடாது, சிவப்பு விளக்கு உட்பட. ஆமைக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும், உறக்கம் கெடும். ஹெர்மன் இனத்துக்கு இரவில் 15 முதல் 18 டிகிரி வரை வெப்பம் இறங்குவது இயல்பானது. அறை அதற்கும் கீழே குளிர்ந்தால் மட்டும், ஒளி தராத செராமிக் வெப்பக் கருவியைப் பீங்கான் ஹோல்டரில், தெர்மோஸ்டாட்டோடு இணைத்துப் பயன்படுத்தலாம். பிளாஸ்டிக் ஹோல்டர் அந்தச் சூட்டில் உருகும். தனியாக விற்கும் சூட்டுக் கற்களும் அடியில் விரிக்கும் சூட்டுப் பாய்களும் வேண்டவே வேண்டாம். வெப்பம் மேலிருந்து வரும் என்றே ஆமையின் உடல் அறிந்திருக்கிறது, அடி ஓடு சுடுவதை உணர்ந்து அது விலகுவதற்குள் புண்பட்டுவிடும்.

சுவரில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானியும் ஈரப்பதமானியும் பார்வைக்குத்தான். ஓரத்துச் சுவரின் காற்று எவ்வளவு சூடு என்பதை அறிந்து நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கல்லின் மேற்பரப்பும் குளிர்ந்த மூலையின் மண்ணும் எவ்வளவு என்பதே தேவை. கம்பி முனை கொண்ட டிஜிட்டல் வெப்பமானிகள் இரண்டும், மேற்பரப்பை நோக்கிப் பிடித்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றும் இருந்தால் போதும்.

இனி மண். ஈரப்பதம் குறித்துப் பழைய வளர்ப்பு முறைகளில் ஊறிப்போன ஒரு தவறான எண்ணத்தை இந்தக் கிட்டின் கையேடும் சுமந்துகொண்டிருக்கிறது. நில ஆமைகள் வறண்ட நிலத்தைச் சேர்ந்தவை, ஆகவே உலர்ந்த தரையே நல்லது என்கிறது அது. இளம் ஆமைகள் காட்டில் பகலின் பெரும்பகுதியைச் செடிகளின் வேரடியிலும், இலைக் குவியலுக்கு அடியிலும், மண்ணுக்குள்ளும் கழிக்கின்றன. அங்கே நிலவும் ஈரம், மேலே வீசும் வெயிற்காற்றின் ஈரத்தைக் காட்டிலும் மிக அதிகம். வீட்டுக்குள் விளக்கின் கீழ், உலர்ந்த தரையில், ஒதுங்க ஈரமான பொந்து இல்லாமல் வளரும் குஞ்சின் ஓடு சீராக வளராமல், ஒவ்வொரு தகடும் தனித்தனிக் கூம்பாக மேலெழும்புகிறது. அதிகப் புரதமே இதற்குக் காரணம் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. வீஸ்னர், ஐபென் என்ற இரு ஆய்வாளர்கள் சுல்காட்டா என்ற ஆப்பிரிக்க நில ஆமையின் குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்து 2003இல் வெளியிட்ட ஆய்வு, கூம்பு எழுவதில் புரதத்தின் பங்கு சிறிது என்றும் வறட்சியின் பங்கே பெரிது என்றும் காட்டியது. அந்த ஆய்வுக்குப் பிறகும் ‘உலர்வாக வைத்திருங்கள்’ என்று அச்சிட்டு விற்பது வருத்தத்துக்குரியது. ஒருமுறை எழும்பிய கூம்பு பின்னர் அமுங்குவதில்லை. அடுத்துவரும் வளர்ச்சியைத்தான் சீராக்க முடியும்.

கிட்டில் வரும் தேங்காய் நார்க்கட்டி தரமானது. வெந்நீரில் ஊறவைத்தால் பல மடங்கு உப்புகிறது. ஆனால் அதை மட்டும் பரப்பினால் மேலடுக்கு காய்ந்து தூசியாகிக் கண்ணில் விழுகிறது, இலையோடு ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போகிறது, ஆமை குடைந்தால் குழி நிற்காமல் சரிகிறது. உரமோ பூச்சிமருந்தோ கலக்காத தோட்டத்து மேல்மண் இரு பங்குக்கு ஊறிய நார் ஒரு பங்கு என்று கலந்தால் கலவை நன்றாகப் பிடித்து நிற்கும். கைப்பிடியளவு எடுத்து அழுத்திப் பாருங்கள்: உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. குறைந்தது 10 சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும். ஆமை தன் முழு உடலையும் புதைத்துக்கொள்ள முடிய வேண்டும் என்பதே கணக்கு. தெளிப்பானால் மேலே நீர் தெளிப்பதில் அதிகப் பயன் இல்லை, அது விரைவில் காய்ந்துவிடும். பெட்டியின் மூலைகளில் மெல்லத் தண்ணீரை ஊற்றினால் அது அடியடுக்கில் பரவி, கீழே ஈரமாகவும் மேலே உலர்வாகவும் நிற்கும். கீழிருந்து ஈரம் மெல்ல மேலேறிக்கொண்டே இருப்பதால் காற்றும் வறள்வதில்லை, அடி ஓடு நனைந்தே கிடந்து அழுகுவதும் இல்லை. இருட்டறைக்குள் ஈரப்பாசியை நிரப்பிவிட்டால், குஞ்சு ஆமைக்கு வேண்டிய 80 சதவீத ஈரப்பதம் அங்கே எளிதாக நிலைத்துவிடுகிறது. இந்தப் பெட்டியில் மூடியுள்ள இருட்டறை இருப்பது இந்த இடத்தில்தான் பெரிதும் கைகொடுக்கிறது. அறையை வடிவமைத்தவரை மனமாரப் பாராட்ட வேண்டும். ஒரே எச்சரிக்கை: ஈரமும் குளிரும் ஒன்றுசேரக் கூடாது. சேர்ந்தால் மூக்கில் நீர் வடிதல், குமிழி, வாயைத் திறந்து மூச்சுவிடுதல் என்று சுவாச நோய் தலைகாட்டும். ஈரமான கூடு எப்போதும் கதகதப்பாகவும் இருக்க வேண்டும். தேவதாரு, பைன் மரச் சீவல்கள், வால்நட் ஓட்டுத் தூள், வெறும் மணல் ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். முதலிரண்டின் மணப்பொருள்கள் சுவாசத்துக்குக் கேடு, மற்றவை விழுங்கப்பட்டால் குடலை அடைக்கும்.

தண்ணீர்த் தட்டு ஆபத்தானது. பாறையைப் போல வண்ணமடித்த பிசின் தட்டு. பார்க்க அழகு, ஆனால் உட்சுவர் செங்குத்து. உள்ளே இறங்கிய ஆமை வெளியேற முயன்றபோது முன்னங்கால்களை விளிம்பில் ஊன்றி, பின்னுடல் மேலெழும்பி, அப்படியே மல்லாந்தது. அருகில் இருந்ததால் உடனே நிமிர்த்த முடிந்தது. வெப்ப விளக்கின் கீழோ தண்ணீருக்குள்ளோ மல்லாந்து கிடக்கும் ஆமை, யாரும் கவனிக்காவிட்டால் இறந்தே போகும். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் சுட்ட மண் தட்டு இதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. அதன் விளிம்பு மண்ணின் மட்டத்தோடு ஒன்றாக இருக்கும்படி புதைத்து, ஆமையின் தாடைக்கு மேல் வராத அளவுக்கு நீர் ஊற்றி, நாள்தோறும் மாற்ற வேண்டும். இதைத் தவிர, குஞ்சுகளை வெளியே தனிப் பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீரில் 15 முதல் 20 நிமிடம் அடிக்கடி அமரவைப்பது நல்லது. வேண்டிய அளவு குடிக்கும், கழிவையும் அங்கேயே வெளியேற்றும், கூடும் சுத்தமாக இருக்கும். நீரை மாற்றிய பிறகும் ஆமையைத் தொட்ட பிறகும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். நலமாகத் தெரியும் ஆமையிடத்தும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

பிளாஸ்டிக் பொந்தைப் பயன்படுத்தலாம், குறையில்லை. செயற்கைச் செடியை எடுத்து எறிந்துவிட வேண்டும், ஏனெனில் பச்சையாக எதைக் கண்டாலும் ஆமை கடித்துப் பார்க்கும். அதற்குப் பதிலாக நஞ்சில்லாத உயிர்ச்செடிகளைச் சிறு தொட்டிகளோடு புதைத்து வைத்தால் நிழலும் கிடைக்கும், மறைவும் கிடைக்கும். தீவனப் பொட்டலத்தை நான் பிரிக்கவே இல்லை. ஹெர்மன் ஆமைக்குப் பல வகைக் களைச்செடிகளின் இலைகளும் பூக்களும், மேலே தூவச் சிறிது சுண்ணாம்புச் சத்துப் பொடியும் இருந்தால் போதும். உணவை ஒரு தட்டையான சிலேட்டுக் கல்லின் மேல் வைப்பது நல்ல பழக்கம். மண் ஒட்டுவதில்லை, கல்லில் உரசி உரசி அலகும் நகமும் தாமாகவே தேய்ந்து அளவோடு இருக்கும்.

அட்டைப்பெட்டியின் மேல் ‘இரண்டு ஆமைகளுக்கு ஏற்றது’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். இது தவறு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நில ஆமைகள் துணை தேடி ஏங்கும் பிராணிகள் அல்ல. இரண்டை ஒரே பெட்டியில் அடைத்தால் ஒன்று மற்றொன்றை மோதும், கால்களைக் கடிக்கும். அல்லது அவ்வளவு வெளிப்படையாக எதுவும் நடக்காமலேயே, பலசாலி எப்போதும் உணவின் முன்னும் விளக்கின் கீழும் போய் அமர்ந்துகொள்ள, மற்றொன்று மூலையில் ஒடுங்கி எடை குறைந்துகொண்டே வரும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதைப் பார்த்து அன்பு என்று மகிழ்பவர்கள் உண்டு. உண்மையில் அது நல்ல இடத்துக்கான போட்டி. இந்தப் பெட்டியில் ஓர் ஆமை, அதுவும் இளம் ஆமை மட்டுமே வாழலாம். குஞ்சை வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வைத்தால், கண்ணுக்குத் தெரியுமுன்பே பல கோளாறுகளைக் கண்டுபிடித்து, ஊர்வனவற்றை நன்கறிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட முடியும்.

எந்த இனத்துக்கு இது ஏற்றது என்பதைத் தயாரிப்பாளர் எங்கும் குறிப்பிடவில்லை. ஹெர்மன், கிரேக்க ஆமை, ரஷ்ய ஆமை ஆகியவற்றின் குஞ்சுகளுக்கு, மேலே சொன்ன மாற்றங்களோடு, தாராளமாகப் பயன்படும். ரஷ்ய ஆமை தோண்டுவதிலும் ஏறுவதிலும் வல்லது என்பதால் மூலைகளின் மேல் முக்கோணப் பலகை வைத்து அடைத்துவிட வேண்டும். செங்கால் ஆமைக்கு இது ஒத்துவராது; அதற்குப் பெட்டி முழுவதும் 70 முதல் 80 சதவீத ஈரப்பதமும் இரவிலும் கதகதப்பும் தேவை, மேலே திறந்த பெட்டியில் இரண்டும் நிற்காது. சுல்காட்டாவை வாங்க எண்ணுபவர்கள், கைக்குள் அடங்கும் அந்தக் குஞ்சு 80 சென்டிமீட்டர் நீளமும் ஒரு மனிதரின் எடையும் கொண்டதாக வளரும் என்பதை அறிந்தபின் முடிவெடுக்க வேண்டும். எந்தப் பெட்டியும் அதற்கு வீடாகாது. இனம் எதுவானாலும், நில ஆமைக் குடும்பம் முழுவதுமே, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் இருக்கிறது. நட்சத்திர ஆமை 2019இல் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. எனவே தாம் வாழும் நாட்டின் சட்டம் அந்த இனத்தை வளர்க்க இடமளிக்கிறதா என்று உறுதிசெய்து, ஆவணம் தரும் வளர்ப்பகத்திலிருந்து மட்டுமே ஆமையைப் பெற வேண்டும். காட்டிலிருந்து பிடித்து வந்ததற்கு எவ்வளவு நல்ல கூடு அமைத்தாலும் செய்த கேடு தீராது.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் குளிர்கால உறக்கம் பற்றி ஒரே ஒரு வரி வருகிறது: குளிர்காலத்தில் விளக்குகளை அணைத்துவிட்டால் ஆமை தானாக உறங்கிவிடும் என்கிறது. இதைப் பின்பற்றினால் ஆமை சாகக்கூடும். குடலில் உணவு தங்கியிருக்க, உறக்கத்துக்குப் போதிய குளிரும் இல்லாமல் விழிப்புக்குப் போதிய சூடும் இல்லாமல் நடுவில் கிடக்கும் ஆமை, உள்ளிருக்கும் உணவு அழுகி நோய்ப்படும். மருத்துவர் சோதித்து, உணவை முன்கூட்டியே நிறுத்திக் குடலைக் காலிசெய்து, 5 டிகிரியை ஒட்டிய நிலையான குளிரில் செய்ய வேண்டிய காரியம் அது. அனுபவமுள்ள ஒருவரின் துணை கிடைக்கும்வரை, விளக்குகளை வழக்கம்போல எரியவிட்டு ஆமையை விழித்தே இருக்கச் செய்வது நல்லது.

பெட்டியை மட்டும் தனியாக விற்கிறார்களா என்று விசாரித்தேன். விற்கிறார்கள், முழுக் கிட்டின் விலையில் பாதிக்கும் குறைவு. என் பரிந்துரை அதுதான். மிச்சமாகும் பணத்தில் டி5 குழல், ஹாலஜன் பல்பு, தெர்மோஸ்டாட், டைமர், டிஜிட்டல் வெப்பமானி ஆகியவற்றைத் தனித்தனியே தரம் பார்த்து வாங்கலாம். மொத்தச் செலவு கிட்டின் விலையைச் சற்றுத் தாண்டும், ஆனால் வாங்கியதும் தூக்கி எறிய வேண்டிய பொருள் ஒன்றுகூட இருக்காது. ஆமை வருவதற்குச் சில நாள்கள் முன்னதாகவே எல்லாவற்றையும் பூட்டி இயக்கி, பகலிலும் இரவிலும் வெப்பம் எப்படி ஏறி இறங்குகிறது என்று அளந்து, மண்ணின் ஈரத்தைச் சரிசெய்துவிட வேண்டும்.

பெட்டியின் இருட்டறைக்கு எதிர்முனைச் சுவர் நான்கு திருகுகளில் நிற்கிறது. அதைக் கழற்றி எடுத்துவிட்டு இதே அளவுள்ள இன்னொரு பெட்டியை இணைத்துக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது. குஞ்சு வளர வளர இது பயன்படும். வளர்ந்த ஹெர்மன் ஆமை 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளமே இருந்தாலும், அதற்கு 240க்கு 120 சென்டிமீட்டர் தரையாவது தேவை என்பது வளர்ப்பவர்களிடையே நிலவும் கணக்கு. இரண்டு பெட்டிகளை நீளவாக்கில் இணைத்தால் நீளம் 240 ஆகிவிடும், அகலம் 60 என்றே நிற்கும். அகலவாக்கிலும் சுவரைக் கழற்றும்படி அடுத்த பதிப்பில் செய்து தரவேண்டும் என்று தயாரிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன்.